ஏன் இங்கே, ஏன் அங்கே இல்லை? ராமநாதபுரக் கரையிலிருந்து பொருளாதாரப் புவியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மாலை நேரத்தில் புவியியல் சொல்லித் தருகிறேன். பொருளாதாரப் புவியியல் பாடம் வரும்போதெல்லாம் ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. புத்தகத்தில் ஜெர்மனியின் பெரிய தொழிற்பகுதியான ரூர் பள்ளத்தாக்கைப் படித்துவிட்டு, நம்ம ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அதனால் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்து, பதிலுக்கு நம் கரையையே எடுத்துக்கொண்டேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போகும், அதனால் வரிசையாகப் படியுங்கள்.

பொருளாதாரப் புவியியல்னா அது பொருளாதாரமா, புவியியலா சார்?

புவியியல்தான். டீ என்ன விலை, ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கிறது என்று பொருளாதாரம் படித்தவர் கேட்பார். டீக்கடைகள் எல்லாம் ஏன் பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கின்றன என்று நாம் கேட்போம். ஒரு தொழில் ஏன் இந்த இடத்தில் நடக்கிறது, ஏன் பக்கத்து ஊரில் நடக்கவில்லை என்பதுதான் பாடம் முழுக்க.

ஆரம்பத்தில் இதற்கு வணிகப் புவியியல் என்றுதான் பெயர். 1889-ல் ஜார்ஜ் சிஷோம் என்பவர் பிரிட்டனில் ஒரு பெரிய கையேடு எழுதினார். எந்த நாட்டில் என்ன விளைகிறது, எந்தத் துறைமுகம் வழியாக வெளியே போகிறது என்கிற விவரங்கள் நிறைந்தது. உலகமெல்லாம் சரக்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்த நாட்டுக்கு அது தேவைப்பட்டது. விவரம் சேர்ந்த பிறகுதான் "ஏன் அங்கே?" என்ற கேள்வி பெரிதாக வந்தது.

முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலைத் தொழில்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

அது தொழில்களை வகைப்படுத்தும் முறை. ஒரு நீலக்கால் நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணையில் வலை போட்டுப் பிடிப்பது முதல்நிலை. கரையில் அவித்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதை எடுத்து டப்பாவில் அடைப்பது இரண்டாம்நிலை. குளிர்பதன வண்டி, வங்கிக் கடன், ஏற்றுமதிப் பத்திரம் எல்லாம் மூன்றாம்நிலை.

இந்த மூன்றும் ஏன் மூன்று வெவ்வேறு ஊர்களில் நடக்கின்றன என்று கேட்கும் இடத்தில் பொருளாதாரப் புவியியல் ஆரம்பிக்கிறது. நண்டு நம்முடையது. அதன் கடைசி விலை எங்கே முடிவாகிறது என்று பார்த்தால், கடல் கடந்து போய்விடுகிறது.

மொத்தம் எத்தனை கிளை சார்? ஒரு புக்ல ஆறு, இன்னொண்ணுல பத்து போட்டிருக்கு.

எண்ணாதீர்கள். வேளாண் புவியியல், தொழிலகப் புவியியல், வணிகப் புவியியல், போக்குவரத்துப் புவியியல், வளங்களின் புவியியல் ஆகிய ஐந்தும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். இவற்றோடு சந்தை மற்றும் சேவைகள், சுற்றுலா, நிதி ஆகியவற்றையும் பிற்காலத்தில் தனித்தனிக் கிளைகளாகச் சேர்த்தார்கள். தேர்வில் கேட்டால் முதல் ஐந்தை எழுதிவிட்டு மற்றதைச் சேருங்கள், போதும். ஒரே நண்டு பல கிளைகளுக்குள் போய்வருவதை மேலே பார்த்தீர்களே, அதனால் வேலிகளை ரொம்ப நம்ப வேண்டாம்.

மழையே சரியா பெய்யாத ஊர்ல மிளகாய் எப்படி சார் இவ்வளவு ஃபேமஸ் ஆச்சு?

மழை குறைவு என்பதை விட, மொத்த மழையும் ஒரே பருவத்தில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது என்பதே சரி. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ., அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். அதைப் பிடித்து வைக்கத்தான் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் போன்றவற்றை வெட்டி வைத்தார்கள். அந்த ஈரத்தில் முளைத்து, பின்பனியிலும் வெயிலிலும் காய்த்து, சுள்ளென்ற வெயிலில் காயப் போடக்கூடிய பயிர் மிளகாய். நெல்லுக்கு இடைஞ்சலான வெயில் வத்தலுக்கு வரம். குண்டாக, தடித்த தோலோடு இருக்கும் நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மண்ணும் மழையும் பாதிக் கதைதான். மீதிக் கதையை 1826-ல் வான் தூனன் என்ற ஜெர்மானியப் பண்ணையாளர் சொல்லிவிட்டார். சந்தை நகரம் நடுவில் இருந்தால், சீக்கிரம் கெடுகிற பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டிய வளையத்தில் விளையும்; கெடாததும், ஏற்றிச் செல்லும் செலவைத் தாங்குவதும் தூரத்து வளையங்களில் விளையும் என்றார். வத்தல் ஒரு மூட்டைக்கு நல்ல விலை உண்டு, மாதக்கணக்கில் கெடாது. பரமக்குடிச் சந்தையில் விலை படிந்தால் விற்கலாம், இல்லையென்றால் மூட்டையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரலாம். தக்காளி போட்டவருக்கு அந்த வசதி கிடையாது. மாசி, பங்குனியில் கிராமத்துச் சாலையோரம் சிவப்பாக விரித்துக் கிடப்பதையும், வெளுத்ததைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருக்கும் பாட்டியையும் பார்த்தால் வான் தூனனை நினைத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடிப்பை எந்தக் கிளையில சேர்க்கணும்? வேளாண்மையா?

புத்தகங்கள் வளங்களின் புவியியலிலோ, வேளாண்மையோடு சேர்த்து முதல்நிலைத் தொழிலிலோ வைக்கும். இரண்டும் சரி. ஆனால் வயல் நகராது, மீன் நகரும். பாம்பன்காரர்களுக்கு இரண்டு கடல்: வடக்கே பாக் நீரிணை வடகடல், தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கி இருக்கும். தென்மேற்குக் காற்று வந்தால் தலைகீழ். சில நூறு மீட்டர் நிலத்தைத் தாண்டினால் வேறு கடல், வேறு பருவம், வேறு மீன் என்கிற வசதி தமிழ்நாட்டில் வேறு கரைக்கு இல்லை.

இயற்கையின் நாள்காட்டியோடு அரசின் நாள்காட்டியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அந்த நாட்களில் மதுரையில் மீன் விலை ஏறும், கருவாடு நன்றாக ஓடும். கருவாடு என்பதே வான் தூனனுக்கு நம் பதில்: கெடும் பொருளை உப்பும் வெயிலும் சேர்த்துக் கெடாத பொருளாக்கி, தூரத்து வளையத்துக்கு அனுப்பும் வழி.

உப்பளம் கடலோரத்துல இருக்கு, சரி. ஐஸ் கம்பெனி ஏன் கடலோரத்துல இருக்கணும்? அதுக்குக் கடல் தண்ணி தேவையில்லையே?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் படகுத்துறைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர். 1909-ல் ஆல்ஃபிரட் வெபர் சொன்ன கணக்கு இதற்கு விடை: செய்யும்போது எடை குறைகிற பொருளின் ஆலை மூலப்பொருள் பக்கம் போகும், எடை கூடுகிற அல்லது வழியில் கெடுகிற பொருளின் ஆலை வாங்குபவர் பக்கம் போகும்.

கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். ஆயிரம் கிலோ நீரைக் காயவிட்டால் 35 கிலோ மிஞ்சும். மீதி 965 கிலோவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போக எவரும் தயாரில்லை, அதனால் அரசின் உப்பு நிறுவனம் வாலிநோக்கத்தில் இருக்கிறது. சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள்ளேயே அடுப்பு போட்டுக் கருப்பட்டி காய்ச்சுவதும் இதே கணக்குதான். எட்டுப் பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி, அதுவும் சில மணி நேரத்துக்குள் காய்ச்சாவிட்டால் புளித்துவிடும். ஐஸ் நேர் எதிர். தண்ணீர் எங்கும் கிடைக்கும், செய்த ஐஸோ நிமிடத்துக்கு நிமிடம் கரையும். அதனால் ஐஸ் ஆலை, வாங்குபவரான படகின் மூக்கடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. கட்டியைத் தள்ளிவிட்டால் சரிவில் வழுக்கி, அரைக்கும் இயந்திரத்தில் நொறுங்கி, நேராகப் பெட்டிக்குள் விழும். வழியில் கரைய நேரமே இல்லை.

அப்ப பெரிய ஃபேக்டரி எதுவும் வராததுக்குத் தண்ணி இல்லாததுதான் காரணமா? "தண்ணியில்லாக் காடு"ன்னுதானே சொல்றாங்க?

அரசு ஊழியரை மிரட்டக்கூட "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று சொல்லி நம் ஊரைக் காட்டுவார்கள். கேட்டுக் கேட்டு நாமே நம்பிவிட்டோம். தண்ணீர் ஒரு காரணம்தான். ஆனால் அதை மட்டும் சொல்லி முடிப்பது சோம்பேறித்தனம்.

தொழில் இருக்கும் இடத்துக்கே தொழில் போகும். பழகிய தொழிலாளி, உதிரிபாகம் விற்பவர், பழுது பார்ப்பவர், தொழில் ரகசியம் பேசிக்கொள்ளும் டீக்கடை எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதன் லாபத்தை ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே விளக்கினார். நூறு ஆண்டு கழித்து பால் க்ரூக்மன் அதைக் கணிதமாக்கினார், 2008-ல் நோபல் பரிசு பெற்றார். சிவகாசியையும் திருப்பூரையும் பாருங்கள், அவையும் மழை கொட்டுகிற ஊர்களா என்ன? முதலில் ஏதோ ஒரு காரணத்தால் தொடங்கியது, அப்புறம் தொடங்கியதே காரணமாகிவிட்டது.

நம்மிடம் வந்த பெரியவற்றைப் பாருங்கள். வழுதூரில் எரிவாயு மின்நிலையம், எரிவாயு இங்கே கிடைப்பதால். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா, வெயிலும் விலை குறைந்த நிலமும் இருந்ததால். இரண்டும் வெபர் கணக்குக்குப் பொருந்தும், ஆனால் பொருளை மின்கம்பி கொண்டுபோய்விடுகிறது. சூரியப் பலகையைத் துடைக்கவும் காவல் காக்கவும் எத்தனை பேர் வேண்டும்? மார்ஷல் சொன்ன கூட்டம் அங்கே சேருவதில்லை. ராமநாதபுரத்தை 2018-ல் மத்திய அரசு, வளர்ச்சியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட "முன்னேற விழையும் மாவட்டங்களில்" ஒன்றாகச் சேர்த்தது என்பதையும் இதோடு வைத்துப் படியுங்கள்.

தொண்டி, பெரியபட்டினம், தேவிபட்டினம் எல்லாம் பழைய துறைமுகம்கிறீங்க. இப்ப ஏன் கப்பல் வரல?

கப்பல் பெரிதாகிவிட்டது, கடல் ஆழமாகவில்லை. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. தோணிக்கும் பாய்மரத்துக்கும் அது பாதுகாப்பான குளம் மாதிரி. வைகை முகத்துவாரத்தில் உள்ள அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்களும் பானைத் துண்டுகளும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கீழக்கரை மரக்காயர்கள் கடல் வாணிபத்தில் கொடிகட்டிப் பறந்தார்கள். பட்டினம் என்ற சொல்லே கடற்கரை வணிக ஊரைக் குறிப்பதுதான், ஊர்ப்பெயரே சாட்சி.

நீராவிக் கப்பலும் இரும்புக் கப்பலும் வந்ததும் ஆழம் தேவைப்பட்டது. பாம்பன் வாய்க்காலை 19-ஆம் நூற்றாண்டில் வெட்டி ஆழப்படுத்தியும் சிறு கப்பல்கள்தான் போக முடிந்தது. வணிகம் தூத்துக்குடிக்கு நகர்ந்தது. இன்றும் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. ராமர் பாலத்தின் மணல்திட்டுகளைத் தாண்ட 2005-ல் தொடங்கிய சேது சமுத்திரத் திட்டம் பாதியில் நின்றுபோனது.

தனுஷ்கோடி புயல்லதானே சார் அழிஞ்சுது? அதுல புவியியல் என்ன இருக்கு?

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரை அழித்தது, உண்மை. புயலில் சிதைந்த ஊர்கள் திரும்ப எழுந்திருக்கின்றன. இது ஏன் எழவில்லை என்று கேட்டால் போக்குவரத்துப் புவியியல் தேவைப்படும்.

1914-க்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர் தூத்துக்குடி வரை ரயிலில் போய்க் கப்பல் ஏறினார். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். ரயிலிலிருந்து இறங்கிக் கப்பலில் ஏறும் அந்த இடைவெளியில்தான் ஊர் முளைத்தது: சுங்கம், தபால், சத்திரம், கூலி. இப்படி ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தை மாற்றுமுனை என்று வைத்துக்கொள்வோம். புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது. 1984 வாக்கில் இலங்கைப் போரால் அதுவும் நின்றது. மாறி ஏறுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் மாற்றுமுனை எதற்கு? மீனவர் குடிசைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன, ஏனென்றால் அவர்கள் ரயிலை நம்பி அங்கே வரவில்லை. சென்னை-ராமேஸ்வரம் ரயிலுக்கு மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. படகு இல்லாமலே அது போட் மெயில்.

புதுப் பாலம் வந்தாச்சு. ராமேஸ்வரத்துக்காரங்க எல்லாம் பணக்காரங்க ஆயிருவாங்களா?

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது, 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தது. இடையில் ரயிலில் வந்தவர் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கிப் பஸ் பிடித்தார். அந்த இரண்டேகால் வருடம் நிலப்பக்கத்து ஆட்டோக்காரர்களுக்கு நல்ல வருமானம். மேலே சொன்ன மாற்றுமுனை ஒரு சிறிய அளவில் திரும்பி வந்து போனது.

சுற்றுலாவில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட, பணம் எங்கே தங்குகிறது என்று பார்க்க வேண்டும். மதுரையில் அறை எடுத்து, விடியற்காலை வேனில் கிளம்பி, 22 தீர்த்தம் ஆடி, 2017-ல் போட்ட சாலையில் தனுஷ்கோடி நுனியான அரிச்சல்முனை வரை போய்ப் படம் எடுத்துவிட்டு, இரவே திரும்புகிறவர் தீவில் விட்டுப்போவது சங்கு மாலைக்கும் இளநீருக்கும் கொடுத்த காசுதான். வழி சுலபமானால் வருகிறவர் கூடுவார், தங்குகிறவர் குறையவும் செய்யலாம்.

எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் துபாய்ல இருக்காங்க. அந்தப் பணம் எந்தக் கிளை?

நிதிப் புவியியல். வேலை ஒரு இடத்தில், செலவு இன்னொரு இடத்தில். கீழக்கரையில் நான்கு பக்கமும் கடைகளும் மாடி வீடுகளும் இருக்க, ஆலை ஒன்றுமே கண்ணில் படாததன் காரணம் இதுதான். வந்த பணம் பெரும்பாலும் மனையிலும் நகையிலும் திருமணத்திலும் போய் உட்கார்ந்துவிடுகிறது. உற்பத்தியில் போட்டால் என்ன என்று கேட்பவர்கள், தொழில் ஏன் இங்கே வரவில்லை என்ற மேற்கண்ட பதிலைத் திரும்பப் படிக்கவும். தனி ஆள் மட்டும் ஏன் ரிஸ்க் எடுக்க வேண்டும்?

உச்சிப்புளியில பெரிய ஜவுளிக்கடை போட்டா ஓடுமா சார்?

இதைக் கேட்டவர் தேர்வுக்காகக் கேட்கவில்லை, மாமனார் பணத்தை வைத்துக்கொண்டு கேட்டார். வால்டர் கிறிஸ்டாலர் 1933-ல் சொன்ன மைய இடக் கோட்பாட்டைத்தான் அவருக்கும் சொன்னேன். ஒரு கடை பிழைக்கக் குறைந்தது இத்தனை வாடிக்கையாளர் வேண்டும், ஒரு பொருளுக்காக மக்கள் இவ்வளவு தூரம்தான் வருவார்கள். டீக்கடைக்கு ஒரு தெரு போதும். கல்யாணப் பட்டுக்கு ராமநாதபுரமோ மதுரையோ போவார்கள்.

கிறிஸ்டாலர் தென் ஜெர்மனிச் சமவெளியைப் பார்த்து எழுதினார், ஊரைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆள் இருப்பார்கள். உச்சிப்புளிக்கு வடக்கிலும் கடல், தெற்கிலும் கடல். வாடிக்கையாளர் வரக்கூடியது கிழக்கு, மேற்கு என்று ஒரே சாலையில்தான். சுற்றுவட்டத்தில் பாதிக்கு மேல் கடல், அங்கிருந்து துணி வாங்க மீன்தான் வர வேண்டும். சிரித்துவிட்டு, அவர் செல்போன் பழுது பார்க்கும் கடை போட்டார். ஓடுகிறது. இந்த அடுக்கு நிலையானதும் அல்ல: 2022-ல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததும், மதுரைக்கு ஓடிக்கொண்டிருந்த சில வைத்தியங்கள் ஒரு படி கீழே இறங்கி நம் பக்கம் வந்தன.

கடல்பாசி எடுக்கிற பெண்களைத் தடுக்கிறாங்க, அதே பாசியை வளர்க்கச் சொல்றாங்க. என்ன சார் நியாயம்?

இரண்டும் வேறு வேறு பாசி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. மரிக்கொழுந்து, கட்டக்கோரை போன்றவை அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாறையில் தானாக வளர்பவை. கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கிக் கிள்ளி எடுக்கிறார்கள். வளர்க்கச் சொல்வது வெளியிலிருந்து வந்த கப்பாஃபைகஸ். மூங்கில் மிதவையில் கயிறு கட்டினால் 45 நாளில் அறுவடை. பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான், அதனால் கரையிலேயே காயப் போட்டு அனுப்புகிறார்கள். வெபர் இங்கேயும் இருக்கிறார். அந்தப் பாசி தப்பிப் போய்ப் பவளப்பாறையை மூடுகிறது என்ற கவலையும் உண்டு.

வளம் இருப்பது வேறு, அதை எடுக்க உரிமை இருப்பது வேறு. பூங்கா வருவதற்கு முன்பே அங்கே மூழ்கிக்கொண்டிருந்தவர்களை அத்துமீறியவர்களாக எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. பவளம் செத்தால் அவர்களுக்குத்தான் முதல் அடி என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லைக்கோட்டுல மீன் நிக்குமா சார்? நம்மாளுங்க ஏன் தாண்டிப் போறாங்க?

1974, 1976-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தங்களில் கடலில் கோடு போட்டார்கள், கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. அரசியலை விட்டுவிட்டுத் தூரக் கணக்கை மட்டும் பார்ப்போம். விசைப்படகு ஒருமுறை கிளம்ப டீசல், ஐஸ், ஆள்கூலி என்று பெரிய செலவு. அதை எடுக்க நிறைய மீன் வேண்டும், நிறைய மீனுக்கு நிறையப் பரப்பு வேண்டும். நாட்டுப்படகுக்குச் செலவு குறைவு, கரையோரமே போதும். பாக் நீரிணை குறுகலானது. விசைப்படகுக்குத் தேவையான பரப்பு நம் பங்கை விடப் பெரிது. அடியில் சுரண்டும் இழுவலையால் நம் பக்கத்து மீன் குறைந்ததும் அந்த நெருக்கடி கூடியது. அந்தப் பக்கத்துச் சிறுபடகுக்காரரும் தமிழர்தான், அவர் வலைதான் அறுகிறது. வாரத்தில் சில நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று நம் கரையிலேயே பிரித்துக்கொண்டதும் இதே சண்டையின் சின்ன வடிவம்.

காலேஜ்ல களப்பணி கேக்குறாங்க. செலவில்லாம எதைப் பண்ணலாம்?

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, படகு கரையேறும் நேரத்தில் ஏலக்கூடத்துக்கு வெளியே நில்லுங்கள். மீன் ஏற்ற நிற்கும் வண்டிகளின் எண் பலகையை மட்டும் குறியுங்கள். டிஎன் 65 நம் ஊர், 58, 59, 64 மதுரை, 69 தூத்துக்குடி, கேஎல் என்றால் கேரளம். பக்கத்தில் என்ன மீன், எத்தனை பெட்டி, ஐஸ் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதுங்கள். பதிவு எண்ணும் போகும் ஊரும் எப்போதும் ஒன்றாக இருக்காது, டிரைவரிடம் கேட்டுவிடுங்கள், டீ வாங்கிக் கொடுத்தால் சொல்வார். ஒரு வாரம் இப்படி எழுதினால், எந்த மீன் எந்த வளையம் வரை போகிறது என்று நீங்களே வரைந்துவிடலாம். தடைக்காலத்தில் மட்டும் போகாதீர்கள். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், கேஎல் வண்டி அபூர்வம்.